மூன்று கட்டச் சரிபார்ப்பு

நான் வேலை பார்த்த இணையதளத்துக்குப் போக வேண்டுமென்றால் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒரு டைல்ஸ் கடைக்குள் நுழைந்து, வெஸ்டர்ன் டாய்லெட்டுகளின் வரிசையைக் கடந்து, பின்பக்கத்து இரும்புப் படியில் ஏற வேண்டும். மேலே தகரக் கூரை போட்ட ஓர் அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், மூலையில் சாம்பிள் டைல்ஸ் குவியல். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பணத்தை எப்படிக் கையாள வேண்டும், பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லித்தரும் பொறுப்பை இந்த அறைதான் ஏற்றிருந்தது. யாரும் ஒப்படைக்கவில்லை. நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

முதலாளி டைல்ஸ் கடைக்காரர். கடையில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஒரு முறை வியாபாரிகளுக்காக ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போயிருக்கிறார். டை கட்டிய ஒரு பையன் மேடையேறி, இனி எல்லாமே இன்டர்நெட்டில்தான் என்று சொல்லியிருக்கிறான். மற்ற வியாபாரிகள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாய் நம்பிவிட்டுத் திரும்பினார். முதலில் டைல்ஸையே இணையத்தில் விற்கலாம் என்று யோசித்திருக்கிறார். பிறகு, “தொட்டுப் பாக்காம எவனும்மா டைல்ஸ் வாங்குவான்?” என்று தானே கைவிட்டிருக்கிறார். தொட்டுப் பார்க்காமல் ஜனங்கள் வாங்கிக்கொள்வது அறிவுரை ஒன்றைத்தான். ஆகவே அறிவுரை.

“மனுஷனுக்குத் தூக்கம் கெடுறது ரெண்டே விஷயத்துலதாம்மா,” என்றார் என்னிடம், வேலைக்குச் சேர்ந்த அன்று. “ஒண்ணு பணம். இன்னொண்ணு புள்ளைங்க. ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சுட்டா வேற எங்க போவான்?”

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஊரப்பாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். படித்தது எம்.ஏ. தமிழ். அதற்கு முன் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பாய் என்னிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். தமிழில் தப்பில்லாமல் எழுதுவேனா, டைப்பிங் தெரியுமா. இரண்டும் முடியும் என்றேன். அன்று மாலையே பிள்ளை வளர்ப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்றேன். குழந்தையைத் தூக்கிய அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தேன். இரண்டு பெயர் சூட்டு விழாக்களில் தூக்கியிருக்கிறேன். இரண்டு குழந்தைகளும் அழுதன.

நிதிப் பிரிவு என் பக்கத்து நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நாலு பேர் மதிக்கிற மாதிரி இஸ்திரி சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. அவர் கட்டுரைகள் வெவ்வேறு இடங்களில் ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் போய் முடியும். தங்கம் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு பாலிசி. வீட்டுக் கடன் நல்லதா? நல்லது, பாலிசி இருந்தால். ஒரு முறை வேண்டுமென்றே ‘மழைக்காலத்தில் அரிசியைப் பூச்சி பிடிக்காமல் வைப்பது எப்படி’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாவது பத்தியில் குடும்பத் தலைவர் இறந்துவிட்டார்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. பிறகு, விளம்பரம் வாங்கித் தரும் ஒரு கம்பெனியிடமிருந்து பாய்க்குப் படிவம் ஒன்று வந்தது. உங்கள் தளத்தில் எழுதும் நிபுணர்கள் யார், கட்டுரைகளின் தரத்தை எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இதற்குத் தளத்திலேயே ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் இருக்க வேண்டுமாம். சாப்பாட்டுக்கு முன் எழுதித் தரச் சொன்னார் பாய்.

எழுதினேன். ‘எங்கள் கட்டுரை ஒவ்வொன்றும் மூன்று கட்டச் சரிபார்ப்புக்குப் பிறகே வெளியாகிறது.’ இதில் பொய் எதுவும் இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எழுதுவேன், அது ஒரு கட்டம். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படித்துப் பார்ப்பேன், இரண்டாம் கட்டம். பாய் படிக்காமலே “போட்ருங்கம்மா” என்பார், மூன்றாம் கட்டம்.

நிபுணர் குழுதான் கொஞ்சம் இடித்தது. குழந்தை நல மருத்துவர் ஒருவராவது இருந்தால்தான் கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்வான் என்றார் ஏஜென்ட். பாய் யோசித்தார். அவருடைய மச்சினர் செம்பாக்கத்தில் மருந்துக் கடை வைத்திருந்தார். கல்லூரி நாளில் லேபுக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைக் கோட்டு அவரிடம் பத்திரமாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை எங்கேயோ இரவல் வாங்கி, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. நிஜமாகவே கவலைப்படுகிற டாக்டரின் முகம். கடையை யாரை நம்பி விட்டு வந்தோம் என்று அவருக்கு உண்மையிலேயே கவலை. கம்பெனி இரண்டே நாளில் எங்களை ஏற்றுக்கொண்டது.

அந்தப் படத்தின் நிழலில்தான் நான் எழுதிய கட்டுரைகளெல்லாம் வந்தன. அவற்றில் ஒன்று, ‘குழந்தை இன்னும் பேசவில்லையா?’ ஆங்கிலத்தில் இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டு, எது சரி என்று தெரியாமல் பாயிடம் கேட்டேன்.

“என் ரெண்டாவது பையன் நாலு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இப்ப வாய மூடச் சொன்னா மூட மாட்டேங்கிறான். பயப்படாதீங்கன்னு போடுங்கம்மா. பாவம், தாய்மாருங்க பயந்து சாவுறாங்க.”

நாலு வயது வரை பயப்படத் தேவையில்லை என்று எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன். ஒவ்வொரு மொட்டும் தனக்குரிய நாளில்தான் மலரும் என்றெல்லாம் ஒரு வரி வந்தது. எங்கள் தளத்திலேயே அதிகம் பேர் படித்த கட்டுரை அதுதான். பயந்திருக்கிறவர்களுக்குப் பயப்படாதே என்று ஒரு டாக்டர் சொல்வதைவிட வேறென்ன வேண்டும்? நன்றி சொல்லி வந்த மின்னஞ்சல்களை நான் அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். ஒரு காலை பதினொரு மணிக்கு இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் நாலாக மடித்து மடித்துப் பிய்ந்துபோன ஒரு காகிதம்.

“டாக்டரப் பாக்கணும்,” என்றாள்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் எழுந்தார். “எந்த டாக்டரும்மா? இது வெப்சைட் ஆபீஸ்.”

“அட்ரஸ் இதாங்குதே. என் தங்கச்சி கம்ப்யூட்டர் சென்டர்ல எடுத்துக் குட்தா.” காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். என் கட்டுரை. மேலே மச்சினரின் படம். “இந்த டாக்டரு. எத்தினி மணிக்கு வருவாரு?”

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நிதிப் பிரிவின் வேலை அல்ல என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

“அவர் இங்க வரமாட்டாரு அக்கா,” என்றேன். “நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?”

“கோவளம். எங்கூட்டுக்காரரு கடலுக்குப் போறாரு, நா மீன் விக்கிறேன். காலைல வியாபாரத்த வுட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறேன். வரமாட்டாருன்னா இன்னா அர்த்தம்? ஆஸ்பத்திரி எங்க கீது, சொல்லு, அங்க போறேன்.”

செம்பாக்கத்தில் இருக்கிறார், இருமல் மருந்து கொடுப்பார் என்று எப்படிச் சொல்வது? உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குழந்தையை இறக்கிவிட்டாள். அது நேராக என் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று திரையில் ஓடிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல துறுதுறுப்பான கண்கள். கீழேயிருந்து பாயை வரவழைத்தேன்.

பாய் வந்தார், விஷயத்தைக் கேட்டார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் சங்கடம். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மழுப்பி அனுப்பியிருப்பார். பாய் மனதார ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

“பயப்படாதம்மா. என் ரெண்டாவது பையனும் இப்படித்தான். நாலு வயசு வரைக்கும்...”

“உங்க புள்ள கூப்ட்டா திரும்பிப் பாக்குமா சார்?”

“பாப்பானே. பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வருவான்.”

“இது பாக்காது.”

பாய் மெதுவாக எழுந்து மூலைக்குப் போனார். சாம்பிள் குவியலிலிருந்து இரண்டு டைல்ஸை எடுத்துக்கொண்டு குழந்தைக்குப் பின்னால் போய் நின்றார். ஒன்றோடொன்றை ஓங்கி அடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பாய் இன்னொரு முறை அடித்தார். ஒரு டைல் இரண்டாக உடைந்து தரையில் விழுந்தது. ஏஜென்டின் டீ சட்டையில் கொட்டியது. குழந்தை ஒரு விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தது. அவ்வளவுதான்.

“நாங்களும் தட்டு தட்டிப் பாத்தோம் சார்,” என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை. “அப்பவே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. தங்கச்சிதான் இத்தப் படிச்சுக் காட்டுச்சு. டாக்டரே சொல்றாரு, நாலு வயசு வரிக்கும் பயப்படக் கூடாதுன்னு. போன வாரத்தோட நாலு முடிஞ்சிச்சு. அதான் வந்துட்டேன்.”

என் கட்டுரையை வரிக்கு வரி கடைப்பிடித்த ஒரே வாசகர். அந்த ஒருவர் இப்படி எதிரே வந்து உட்காரும்வரை, நான் எழுதுவதை யாராவது அப்படியே செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பாய் கார் சாவியை எடுத்தார். கீழே குளியலறைக்கு மொத்தமாக வாங்க வந்திருந்த ஒரு குடும்பத்தைப் பையன்களிடம் விட்டுவிட்டு, எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு நகரத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்கு ஓட்டினார். போக்குவரத்து நெரிசலில் குழந்தை ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தது.

அங்கே சோதனைகள் முடிய மதியம் தாண்டிவிட்டது. ஐம்பது வயதுள்ள ஒரு பெண் டாக்டர். காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ, கண்கள் சிவந்திருந்தன. இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் ரொம்பக் குறைவு என்றார். காதில் மெஷின் வைத்துப் பயிற்சியும் கொடுத்தால் பேச்சு வரும், ஆனால் நாளாகும் என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.”

அவள் மடித்த காகிதத்தை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். மொட்டு மலர்வது வரைக்கும் படித்தார். எனக்கு அந்த நிமிடம் முடியவே முடியாது போலிருந்தது.

“யார் எழுதினது இது?”

“நான்தான் மேடம்,” என்றேன்.

“டாக்டரா நீங்க?”

“இல்ல மேடம். எம்.ஏ. தமிழ்.”

காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். “தமிழ் நல்லாயிருக்கு,” என்றார்.

என் எழுத்தைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் பலர் பாராட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில் இல்லை. இது இருக்கிறது.

திரும்பி வரும்போது பாய் ஓரிடத்தில் காரை ஓரங்கட்டினார். அந்தப் பெண்ணும் குழந்தையும் பின் இருக்கையில் தூங்கிவிட்டிருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என் வீட்டுல நடந்தா ஊருக்கெல்லாம் அதே மாதிரி நடக்கும்னு நெனச்சுட்டேம்மா.” அவரிடம் கேட்டு எழுதியவள் நான். ஆனாலும் சொன்னவர் அவர்தானே என்று அவர் மேல் பழியைப் போட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கட்டுரையை எடுத்துவிடலாம் என்றேன். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பதறிப்போனார்.

“மேடம், நம்ம சைட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்த ஆர்ட்டிகிளுக்குத்தான் வர்றாங்க. எடுக்கவே வேணாம். கீழ சின்ன எழுத்துல ‘மருத்துவரை அணுகவும்’னு போட்டுட்டா முடிஞ்சுது. அப்புறம் நம்ம மேல தப்பே இல்ல.”

இன்ஷூரன்ஸ் தொழிலில் சின்ன எழுத்தின் மகிமை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“மேல என்ன போட்டிருக்கோம்?” என்று கேட்டார் பாய். “டாக்டர் படம். அவரத்தானய்யா அந்தப் பொண்ணு அணுகி வந்துச்சு?”

அன்று மச்சினரின் படம் இறங்கியது. அவருக்குத்தான் வருத்தம். படம் வந்ததிலிருந்து மருந்துக் கடைக்கு வருகிற சிலர் அவரை டாக்டர் சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை பாய் சொல்லச் சொல்ல நான் புதிதாக அடித்தேன். இந்தத் தளத்தை நடத்துபவர் ஒரு டைல்ஸ் வியாபாரி. பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுபவர் தமிழ் படித்தவர், அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பணத்தைப் பற்றி எழுதுபவர் இன்ஷூரன்ஸ் விற்பவர். உடம்பு சம்பந்தமாக எதுவாக இருந்தாலும் இங்கே படித்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் ஒரே ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை.

ஏஜென்ட் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். விளம்பரக் கம்பெனியும் சீக்கிரமே கடிதம் எழுதியது. புதிய பக்கத்தில் நிபுணர் குழுவைப் பற்றிய விவரம் அவர்கள் எதிர்பார்க்கும் தரத்தில் இல்லையாம். பொய் சொன்னபோது எங்களிடம் இருந்த தரம் உண்மை சொன்னதும் போய்விட்டது.

ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். பேச்சு வராத குழந்தைகளைப் பற்றி மறுபடி எழுதி, அந்தப் பெண் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். புறநோயாளிகளோடு பெஞ்சில் மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வாங்கிப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளினார். என் உவமைகள் அத்தனையும் போயின. எஞ்சியது ஒன்றரைப் பக்கம். முதல் வரியாக நான் எழுதியிருந்ததை மட்டும் அவர் தொடவில்லை: ‘கூப்பிட்டால் உங்கள் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா?’ அது நான் யோசித்த வரி அல்ல, கோவளத்துப் பெண் பாயிடம் கேட்ட கேள்வி. தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டுரையை அதிகம் பேர் படிக்கவில்லை. பயப்படு என்று சொல்வதற்கு வாசகர் குறைவு.

தளம் இன்னும் ஒரு வருடம் போல இழுத்துக்கொண்டு கிடந்து நின்றது. மேல் அறையில் வாஷ் பேசின்களை அடுக்கினார்கள். நான் பாடநூல் அச்சிடும் ஓர் இடத்தில் பிழை திருத்தப் போனேன். ஏஜென்ட் சொந்தமாக ஒரு தளம் ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் திறந்து பார்த்தேன். ஏழு பேர் கொண்ட நிபுணர் குழு. அதில் ஒரு முகம் தெரிந்த முகமாக இருந்தது. என் முகம்தான். ‘குழந்தை வளர்ப்பு ஆலோசகர்.’ போன் பண்ணிச் சத்தம் போட்டேன். “உங்களுக்கு அனுபவம் இருக்குல்ல மேடம்,” என்றார், கொஞ்சமும் அசையாமல். இரண்டு வாரம் கழித்துத்தான் எடுத்தார்.

கோவளத்துக் குழந்தைக்கு மெஷின் கிடைக்க விண்ணப்பங்கள் எழுத வேண்டியிருந்தது. எம்.ஏ. தமிழ் கடைசியில் அதற்கு உதவியது. அலுவலகம் அலுவலகமாக அந்தப் பெண்ணோடு ஏறி இறங்கினேன். அவள் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “நீ எழுதுனதுதான, நீயே எழுது,” என்று ஒவ்வொரு படிவத்தையும் என் பக்கம் தள்ளிவிடுவாள். மெஷின் வந்தது. பயிற்சிப் பள்ளி ஒன்றில் இடமும் கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள், மீன் கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, போக ஒரு பஸ், வர ஒரு பஸ் என்று அவள்தான் அலைந்தாள். பாய் சில மாதம் காரை அனுப்பினார். பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போனேன். படகுகள் வந்து ஏலம் முடிந்து, கரையில் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்த கூடையின் மேல் குழந்தை. இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் மெஷின். உயரமாக வளர்ந்திருந்தாள்.

“அம்மான்றா, தண்ணின்றா, மீனுன்றா,” என்றாள் அம்மா, கத்தியை நிறுத்தாமல். “முழுசா வரல. டீச்சரு வரும்னு சொல்லிக்கீறாங்க. ஏய், இங்க பாரு. அக்காக்கு வணக்கம் சொல்லு.”

குழந்தை திரும்பிப் பார்த்தது. கூப்பிட்டதும் திரும்பியது. என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தது. பிறகு வாயைக் குவித்து, நிறுத்தி, நன்றாகத் தயார் செய்துகொண்டு சொன்னது.

“போ.”

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. “ஐயோ, இத்த யாரு சொல்லிக் குட்தது இதுக்கு!” என்று சிரித்தாள். சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள். குழந்தைக்கு அந்தச் சிரிப்புப் பிடித்துப்போய் இன்னும் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிக் காட்டியது. தெளிவான ஓகாரம். எனக்குத் திருத்த ஒன்றுமில்லை. நானும் சிரித்துக்கொண்டே தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.